ட்யூப்பில் மிதந்த மானம்

எனக்கு நீச்சல் தெரியும் என்ற பொய்யை நான் முதன்முதலில் சொன்னது என் மாமனாரிடம்தான். பிள்ளைகளிடம் சொன்னதெல்லாம் அதற்குப் போட்ட வட்டி.

நான் பரமக்குடிப் பக்கம். எங்கள் வைகையில் குளித்த நாளைவிட அதன் மணலில் கபடி ஆடிய நாள்தான் அதிகம். சித்திரையில் அழகருக்காக அணையைத் திறந்துவிடுவார்கள். மதுரையில் அவர் குதிரையை நனைத்த தண்ணீர் எங்கள் ஊர்வரை வந்து சேர்ந்தால் அது சாமி செயல். அந்த ஆற்றில் நீச்சல் பழக வேண்டுமென்றால் முதலில் ஊற்றுத் தோண்ட வேண்டும்.

பெண் எடுத்த இடமோ கோபிச்செட்டிபாளையம். பவானி ஆறு, கொடிவேரி அணை, அங்கிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்கால், அரக்கன்கோட்டை வாய்க்கால், கண்ணுக்கெட்டிய வரை நெல். அங்கே பிள்ளைகள் நடக்கப் பழகிய கையோடு நீந்தப் பழகிவிடுகிறார்கள். பெண் பார்க்கப் போனபோது நாங்கள் வழக்கமான கேள்விகளைக் கேட்டோம். மாமனார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுங்களா?"

"ஓரளவுக்கு வருங்க" என்றேன். அந்த 'ஓரளவு' பதினோரு வருஷம் என்னைக் காப்பாற்றியது.

குடியிருப்பது கோவையில். போன சித்திரையில் வெயில் தாங்காமல் பையனும் பெண்ணும் படுத்திய பாட்டில், ஆன்லைனில் காற்றடிக்கும் நீச்சல் தொட்டி ஒன்று வாங்கினேன். ஐந்தடி அகலம், ஓரடி உயரம், மூன்று வளையம். பம்பு தனியாக வாங்க வேண்டும் என்பதைப் பெட்டியைப் பிரித்த பிறகுதான் படித்தேன். வாயாலேயே ஊதினேன். முதல் வளையம் முடிந்தபோது காது அடைத்தது. இரண்டாவதில் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. மூன்றாவதை ஊதும்போது முதலாவது சுருங்க ஆரம்பித்திருந்தது.

அடுத்தது தண்ணீர். கோவையில் இது சாதாரண விஷயமில்லை. நல்ல தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. கணக்குப் போட்டேன்: தொட்டி நிறைய வேண்டுமென்றால் ஏறக்குறைய 550 லிட்டர். 20 லிட்டர் கேனில் சொன்னால் 27 கேனுக்கு மேல்.

"சிறுவாணித் தண்ணிய இதுல ஊத்துனீங்க, நான் எங்கப்பன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் மனைவி. போர் தண்ணீரைப் பாதியளவு விட்டோம். மொட்டை மாடியில் வைக்கலாம் என்ற என் யோசனையைக் கீழ்வீட்டு உரிமையாளர் கேட்டுவிட்டு, லிட்டருக்கு ஒரு கிலோ எடை என்ற உண்மையை நினைவுபடுத்தினார். கார் நிறுத்தும் இடத்திலேயே வைத்தோம். பிள்ளைகள் இருபது நிமிஷம் விளையாடினார்கள். அதன்பிறகு தண்ணீர் நிரப்பக் கொண்டுவந்த வாளியும் குவளையும்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் பெண்ணின் தலைக்கிளிப் குத்தித் தொட்டி படுத்துவிட்டது. கறிவேப்பிலைச் செடி மட்டும் அந்த வாரம் செழித்தது.

சரி, கிளம்பு கோபிக்கு.

முதல்நாள் கொடிவேரி. அணைக்கட்டில் அருவி மாதிரி விழும் தண்ணீரில் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். பொரித்த மீன் வாசனையில் பாதிப்பேர் தலைகூடத் துவட்டாமல் கடைக்கு ஓடுகிறார்கள். பரிசலில் ஏறினோம். எல்லாருக்கும் உயிர்காப்பு மேலாடை. நான் வாரை இழுத்து இழுத்துக் கட்டினேன். பையன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீச்சல் தெரியும்னா எதுக்குப்பா மூச்சு முட்டுற மாதிரி கட்டுறீங்க?"

"சட்டம்டா" என்றேன். பரிசல்காரர் அந்த நேரம் பார்த்துப் பரிசலைச் சுற்றிவிட்டார். பெண் கைதட்டிச் சிரித்தாள். நான் பரிசலின் மூங்கில் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் என் கைரேகை அதில் இருக்கும்.

மறுநாள்தான் கிணறு. மாமனார் தோட்டத்துக் கிணறு, வாய்க்கால் பாசனத்துக் கிணறு என்பதால் கோடையிலும் இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. பிள்ளைகளுக்காக அவர் பரணிலிருந்து ஒரு சுரைப்புருடையை இறக்கினார். கொடியிலேயே முற்றவிட்டுக் காயவைத்த சுரைக்காய். ஓட்டை போடாமல் காயவைத்ததால் உள்ளே காற்று அப்படியே இருக்கிறது, தண்ணீர் போக வழியில்லை. விதைகளும் உள்ளேயே. ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம். அதை முதுகில் வைத்துத் துணியால் கட்டி, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு பையனைப் படியிலிருந்து இறக்கினார்.

"அப்புச்சி, இது போதுமா?" என்றான் பையன்.

"பொருட பாட்டுக்கு மெதக்கும் சாமி. நான் பாக்கறது கயித்த."

எனக்கு அந்த அவமானம் வேண்டாம் என்று லாரி ட்யூப் கேட்டேன். லாரிகள் இப்போது ட்யூப்லெஸ் டயருக்கு மாறிக்கொண்டிருப்பதால் ட்யூப் கிடைப்பதே அபூர்வமாம். பஞ்சர் கடைக்காரர் மூன்று ஒட்டுப் போட்ட ஒன்றைத் தேடிக் கொடுத்தார். வெயிலில் கிடந்த கறுப்பு ரப்பர் தொடையில் பட்டதும் தோசைக்கல் மாதிரி சுட்டது. வால்வு விலாவைக் குத்தியது. இருந்தாலும் ட்யூப்பின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, கிணற்று நடுவுக்குப் போய்க் கண்மூடி மிதந்தேன். ஜமீன்தார் தோரணை.

திரும்பி வரத் தெரியவில்லை. கையால் தள்ளினால் ட்யூப் நின்ற இடத்திலேயே சுற்றியது, கரைப்பக்கம் ஒரு சாண்கூட நகரவில்லை. பெண் படியில் உட்கார்ந்து, "அப்பா, காலை அடிங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். காலைத் தூக்கினேன். எடை முழுக்கப் பின்னால் போனது, நான் மடித்த பாய் போல ட்யூப்பின் ஓட்டை வழியே நழுவி உள்ளே போனேன். மேலே ட்யூப் மட்டும் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்திருக்கிறது.

மனைவி குதித்து, என் தலையில் மிச்சமிருந்த முடியைப் பிடித்து இழுத்து வந்தாள். நான் படியில் உட்கார்ந்து இருமி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகு மாமனார்தான் வாயைத் திறந்தார்.

"ஓரளவுங்கறது எந்த அளவுங்க மாப்பிள்ளை?"

பையன் நாலாம் நாளே புருடையைக் கழற்றிவிட்டான். கழற்றிய கையோடு அதை என்னிடம் நீட்டினான். நாற்பத்திமூன்று வயதில் முதுகில் சுரைக்காயோடு இறங்கினேன். நான் பயந்து நடுங்கும்போதெல்லாம் விதைகள் கிலுகிலுத்துக் கிணற்றுச் சுவரில் எதிரொலித்தன. பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். கயிறு மாமனார் கையில் இருந்தது. அவர் செல்போன் வந்தால்கூட எடுக்கவில்லை.

அந்த விடுமுறை முடிவதற்குள் இந்தப் படியிலிருந்து எதிர்ப்படி வரை போகக் கற்றுக்கொண்டேன். புருடை இல்லாமல் பாதித் தூரம். மீதிப் பாதியை வரும் சித்திரைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமனார் சொல்லியிருக்கிறார், புருடையும் பரணில் பத்திரமாக இருக்கிறது.