கம்பி நீளட்டும்

கேள்வி: அதிக வலுவான கம்பியைப் போட்டுவிட்டால் அடுக்குமாடிக் கட்டடம் பூகம்பத்துக்கு அஞ்ச வேண்டாமல்லவா?
(ஒரு வாசகர், கந்தர்வக்கோட்டை)

பதில்: கடன் வாங்கியவர் கம்பி நீட்டினால் கஷ்டம், பூமி குலுங்கும் வேளையிலோ, கம்பி அறுந்துபோகாமல் நீண்டுகொடுத்தால்தான் க்ஷேமம். பலம் ஏற ஏற நீளும் சுபாவம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறபடியால், 500 ரகக் கம்பிக்கு 12 சதவீத நீட்சி போதுமென்னும் இந்தியத் தர நிர்ணயம், அதன் சகோதரனாகிய ‘500 டி’யிடம் 16 சதவீதம் கேட்கிறது. கம்பி மட்டும் பலசாலியாயிருந்து என்ன பிரயோஜனம்? 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த பூகம்பத்தின் மையத்துக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஆமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்ததற்கு, தூண்களைச் சுற்றிய ரிங்குகளின் கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்காமல் 90 டிகிரியோடு விட்ட சோம்பலும் ஒரு காரணம். ஆகவே, கான்கிரீட் கொட்டுமுன் ஏணியேறி ரிங்கை ஒருமுறை பார்த்துவிடும், ஐயா!