ரிமோட்வழி இல்லற ஆட்சி: ஓர் ஆய்வுரை

சோபாவில் சாய்ந்திருப்பவர் பத்தடி தள்ளி எரியும் விளக்கை அணைக்க விரும்புகிறார் என்று கொள்வோம். ஸ்மார்ட் பல்பு மாட்டிய பல வீடுகளில் இதற்கு இன்று வழங்கும் முறை வருமாறு: போனைத் தேடுதல், ஆப்பைத் திறத்தல், அது சுற்றி முடியும்வரை பொறுத்தல், பொத்தானைத் தொடுதல். அதன்பின் அந்த ஆணை வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கோ இருக்கும் சர்வரைத் தரிசித்து, புறப்பட்ட ஹாலுக்கே திரும்பி வந்து பல்பை அணைக்கும். நெட் போன நாளில் ஆணை வாசலைத் தாண்டாது. ஆப் வீட்டுக்காரர் போனில் மட்டும் இருந்து அவர் ஆபீஸ் போய்விட்டாலோ, எஞ்சியோர் வெளிச்சத்திலேயே தூங்க வேண்டியதுதான்.

டீப்பாய்மேல் பாலித்தீன் உறையோடு கிடக்கும் ரிமோட்டே இல்லறத்தின் செங்கோல் என்பது எம் துணிபு. எவர் கையில் இருக்கிறதோ அவர் ஆள்கிறார். பாஸ்வேர்டு கேட்காது, பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே பொத்தான். விளக்கையும் அதன் ஆட்சிக்கே விட்டுவிடலாம்.

முன்னோர் முயற்சிகளைச் சுருங்கக் காண்போம். 1955இல் ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி, டார்ச் போன்ற கருவியால் டிவியின் மூலைகளில் ஒளி பாய்ச்சிச் சேனல் மாற்றினார். வெயில் பட்டாலும் சேனல் மாறியது. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் ராபர்ட் ஆட்லர், அலுமினியத் தண்டுகளைத் தட்டி எழுப்பும் காதுக்கெட்டா ஒலியால் அதைச் சாதித்தார். அந்த ரிமோட்டுக்குப் பேட்டரியே வேண்டாம், தட்டினால் போதும். ரிமோட்டை உள்ளங்கையில் ஓங்கித் தட்டும் நம்மவர் வழக்கம் ஆட்லர் மரபின் எச்சமா என்பது தனி ஆய்வுக்குரியது. பின்னர் அகச்சிவப்புக் கதிர் வந்து இரண்டு மரபையும் ஓரங்கட்டியது.

பொத்தானை அழுத்தியதும் ரிமோட்டின் மூக்கில் உள்ள எல்இடி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பெரும்பாலும் நொடிக்கு 38,000 முறை துடிக்கவிடுகிறது. (போன் கேமராவில் பார்த்தால் பெரும்பாலும் வெளிர் ஊதாவாகத் தெரியும். செத்தது பேட்டரியா டிவியா என்ற வீட்டு வழக்கில் இதைவிட நல்ல சாட்சி இல்லை.) பரவலாக உள்ள என்இசி முறையில் முதலில் 9 மில்லி விநாடிக்கு ஒரு கனைப்பு, 4.5 மில்லி விநாடி மௌனம். பிறகு 32 பிட்டுகளில் செய்தி. யாருக்கு என்ற முகவரி, உடனே அதையே தலைகீழாக. என்ன செய்ய என்ற கட்டளை, அதையும் தலைகீழாக. சொன்னதைச் சொன்னபடி கேட்காத குடும்பத்தில் பிறந்த ஒருவர்தான் இதை வகுத்திருக்க வேண்டும்.

இதைக் கேட்க மூன்று கால் ரிசீவர் ஒன்றும், ஈஎஸ்பி8266 என்ற வைஃபை போர்டு ஒன்றும் போதும். இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். போர்டில் ஈஎஸ்பிஹோம் என்ற மென்பொருளை ஏற்றினால், வந்த குறியீட்டை அது வீட்டுக்குள்ளேயே ஏதோ ஒரு பழைய லேப்டாப்பில் ஓடும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இன்னொரு மென்பொருளிடம் சொல்லும். அது ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் இயங்கும் பல்பை அணைக்கும். ரவுட்டர் உயிரோடு இருந்தால் சரி. நெட் பில் கட்டியிருக்கத் தேவையில்லை.

தத்துவச் சிக்கல் இங்கேதான் எழுகிறது. ரிமோட் பேச ஒரு மொழி வேண்டும். டிவியின் மொழியில் பேசினாலோ, விளக்கை அணைக்கும் பொத்தான் சீரியலின் அழுகையையும் சேர்த்துக் கூட்டிவிடும். ஆகவே யுனிவர்சல் ரிமோட்டை வீட்டில் இல்லாத ஒரு கருவிக்கு அமைக்க வேண்டும். வி.சி.ஆர். மிகப் பொருத்தம். வீடுகளை விட்டு அது போய்விட்டது. பல யுனிவர்சல் ரிமோட்களின் குறியீட்டுப் பட்டியலில் மட்டும் இன்னும் குடியிருக்கிறது. ‘ப்ளே’ என்று வி.சி.ஆருக்கு ஆணை பிறக்கிறது, வி.சி.ஆர். இல்லை, ஹால் விளக்கு எரிகிறது. ‘ரீவைண்ட்’ என்றால் மங்குகிறது. இல்பொருள் உவமைக்கு அணியிலக்கணத்தில் இடம் கொடுத்தவர்கள் இல்பொருள் ஆணைக்கு முகம் சுளிக்க நியாயமில்லை. ‘எஜெக்ட்’ பொத்தானுக்கு விருந்தினர் அறை ஃபேனை நிறுத்தும் பணியை எம் தரப்பு பரிந்துரைக்கிறது. குறிப்பறியும் விருந்தினராயின் பெட்டி கட்டுவார்.

இனி மறுப்புகள். இக்கதிர் சுவரைத் தாண்டாதே, அறைக்கொரு ரிசீவர் வேண்டாமா என்பர். வேண்டும்தான். அதனாலேயே பக்கத்து வீட்டுப் பையன் நம் விளக்கோடு விளையாட முடிவதில்லை. (ஜன்னல் கண்ணாடி வழியே புகும், எதிர் வீட்டாரோடு சுமுகமாக இருப்பது நலம்.) ரிமோட் சோபா இடுக்கில் போய்விட்டால் மிஸ்டு கால் கொடுத்துத் தேட முடியாதே என்பது அடுத்தது. இதற்கு இரண்டாவது ரிமோட் வாங்கி அதே குறியீட்டு எண்ணுக்கு அமைத்துக்கொள்ளலாம். ரிசீவருக்குப் பேதம் தெரியாது. ஆனால் அக்கா கையில் ஒன்றும் தம்பி கையில் ஒன்றும் இருக்கும் இரவில் விளக்கு எரிந்து அணைந்து எரியும். முகவரி பெறுபவருக்கு மட்டுமே உண்டு, அனுப்புநர் பெயருக்கு அந்த 32 பிட்டில் இடமே கிடையாது. யார் அணைத்தது என்று அம்மா விசாரணைக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கச் சொன்னால், அதிலுள்ள பதிவு காட்டும் ஒரே குற்றவாளி வி.சி.ஆர்.