லேத்துக்குச் சந்தனப் பொட்டு

கேள்வி: புரட்டாசி, ஐப்பசியில் சென்னைக்கு வரும் விருந்தாளிகளை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எங்கே அழைத்துப் போகலாம்?

பதில்: முதலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு, அதுவும் ஆயுதபூஜை அன்று! 1964-இல் உருவான பேட்டை இது. வருஷமெல்லாம் எண்ணெயும் இரும்புத்தூளும் அப்பிக்கிடக்கும் லேத்துகள் அன்று கல்யாணப் பெண் மாதிரி சந்தனம், குங்குமம், சாமந்தி மாலையோடு நிற்கும். ஸ்பானரும் வெர்னியரும் வாழையிலையில் வரிசையாக இருக்கும். பூஜை முடிந்ததும் பொரி, கடலை, சுண்டல். பல பட்டறைகளுக்குத் தொழிலாளியின் குடும்பமும் வரும். அப்பா ஓட்டுகிற மெஷினைப் பிள்ளை தொட்டுப் பார்ப்பது அன்றைக்குத்தான். தெரிந்தவர் மூலம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும்போது சாலையில் உடைத்த பூசணிக்காய் கிடந்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், பின்னால் பைக் வரும்.

புரட்டாசிச் சனிக்கிழமைக்குப் பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயில். ராமானுஜருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் அது. நவராத்திரி மாலைக்குத் திருவேற்காடு கருமாரியம்மன்.

ஐப்பசி என்றால் குடை அவசியம். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் செம்பரம்பாக்கம் ஏரி பார்க்க வேண்டிய காட்சி. முழு உயரம் 24 அடி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்கள் நீர்மட்டத்தைச் செய்தியில் தேடிப் படிக்கிறார்கள். உபரிநீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.