யாருக்குத் திறக்கும் கோப்பு?

எம்எஸ்-டாஸ் 5.0 வெளியான 1991-இல் அதனுடன் க்யூபேசிக் வந்தது. க்யூபேசிக்கோடு கொரில்லா என்ற கேமும் வந்தது. கட்டட உச்சியில் நிற்கும் இரண்டு கொரில்லாக்கள் ஒன்றின் மீது ஒன்று வாழைப்பழம் எறியும். அந்தக் காலத்தில் கணினியைத் தொட்ட எங்களில் பலர் அதை ஆடிய நேரத்தைவிட அதன் நிரலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம் அதிகம். சுழன்று பறக்கும் பழத்தின் படம் எங்கே இருக்கிறது என்று தேடினால் தனிக் கோப்பு எதுவும் கிடையாது. நிரலின் நடுவிலேயே ‘டேட்டா’ என்று தொடங்கும் வரிகளில் வெறும் எண்களாக இருக்கும். பழம் இடப்பக்கம் சாய்ந்தால் சில எண்கள், வலப்பக்கம் சாய்ந்தால் வேறு சில.

நாங்களும் அதே மாதிரிதான் எழுதினோம். சுவருக்கு 1, கதவுக்கு 2, சாவிக்கு 3. புதிதாக ஒரு லெவல் வேண்டுமென்றால் நிரலைத் திறந்து, வரிகளைச் சேர்த்து, மறுபடி ஓட்ட வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவருக்கு அந்த வேலையில் இடமே இல்லை.

அப்புறம் டர்போ சி வந்து சேர்ந்தது. ஓர் எதிரியைப் பற்றிய விவரங்களை ஒரு ஸ்ட்ரக்சருக்குள் அடுக்கி, அதை அப்படியே வட்டில் எழுதிவிடலாம். ஒரு வரி போதும். வகைக்கு 1 பைட், கிடைமட்ட இடத்துக்கு 2, செங்குத்து இடத்துக்கு 2. ஆக 5 பைட்டில் ஓர் எதிரி முடிந்தான். 1.44 எம்பி ஃபிளாப்பியில் இடம் பார்த்து வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் அந்தக் கோப்பு அதை எழுதிய நிரலைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்படாது. அதே ஸ்ட்ரக்சரை எழுத்து மாறாமல் டிஜேஜிபிபி என்ற 32-பிட் கம்பைலரில் போட்டால் அளவு 12 பைட் ஆகிவிடும். அங்கே ஒரு முழு எண்ணுக்கு 4 பைட். எண்கள் நான்கின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதற்காக வகைக்குப் பின்னால் 3 பைட் காலியாக விடப்படும். பழைய கோப்பைப் புது நிரல் படித்தால் முதல் எதிரியே திரைக்கு வெளியே எங்கோ நிற்பான். டாஸில் இன்னொரு பொறியும் உண்டு. கோப்பை பைனரி என்று சொல்லாமல் திறந்தால், வரைபடத்தில் 10 என்று எழுதிய இடத்தில் 13, 10 என இரண்டு பைட் விழும். 26 என்ற எண் வந்ததும் கோப்பு முடிந்துவிட்டதாக நினைத்து நிரல் படிப்பதை நிறுத்திக்கொள்ளும். லெவலில் இருபத்தாறாம் எண் கல்லை வைத்தால் அதற்குப் பின்னால் உலகமே இருக்காது.

இந்த வேலையை நான் நிஜமாகப் புரிந்துகொண்டது டூம் கேமின் கோப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான். 1993 டிசம்பர் 10-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட அந்த கேமில் நிரல் தனி, தரவு தனி. படம், ஒலி, லெவல் எல்லாம் வேட் என்ற ஒரே கோப்பில் அடங்கும். முதல் 12 பைட் தலைப்பு: நான்கில் அடையாள எழுத்துகள், நான்கில் உள்ளே எத்தனை உருப்படி என்ற கணக்கு, நான்கில் அட்டவணை எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற தகவல். அட்டவணையில் உருப்படிக்கு 16 பைட்: எங்கே, எவ்வளவு, எட்டு எழுத்துக்குள் பெயர். இவ்வளவுதான். படித்து முடிக்க ஒரு மாலை போதும்.

ஒரு லெவலில் நிற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் 10 பைட். இடத்துக்கு நான்கு, பார்க்கும் திசைக்கு இரண்டு, வகைக்கு இரண்டு, மற்ற குறிகளுக்கு இரண்டு. தீப்பந்து எறியும் இம்ப் என்ற பூதத்தின் வகை எண் 3001. சின்ன பைட் முன்னால் வரும் இன்டெல் முறையில் அது 185, 11 என்று எழுதப்பட்டிருக்கும்; 11-ஐ 256-ஆல் பெருக்கி 185-ஐக் கூட்டினால் 3001. ஹெக்ஸ் எடிட்டரில் அந்த இரண்டையும் 209, 7 என்று மாற்றிவிட்டு கேமைத் திறந்தால், பூதம் நின்ற இடத்தில் ஒரு ஷாட்கன் கிடக்கும். ஏனென்றால் ஷாட்கன்னின் எண் 2001. யாரோ எங்கோ செய்த உலகத்தில் இரண்டு பைட்டை மாற்றி ஒரு பொருளை வைத்த அந்த மகிழ்ச்சிக்கு ஈடாக இன்றுவரை எதையும் நான் கண்டதில்லை. கேமைச் செய்தவர்கள் அந்த வாசலைத் தெரிந்தே திறந்து வைத்திருந்தார்கள். வெளியாட்கள் சேர்க்கும் கோப்புகளுக்கென்று தனி அடையாள எழுத்தே தலைப்பில் உண்டு. உலகம் முழுக்க முன்பின் தெரியாதவர்கள் லெவல் செய்து பகிர்ந்துகொண்டதற்கு அந்தக் கோப்பின் எளிமை ஒரு முக்கியக் காரணம்.

இன்றைக்கு என் கேமின் தரவு ஜேசானில் இருக்கிறது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய இந்த வடிவம் 2006-இல் முறையான விவர ஆவணமாக வந்தது. இப்போது எந்த மொழியிலும் ஒரு வரியில் படிக்கலாம், ஒரு வரியில் எழுதலாம். அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் இடைவெளியும் சேர்ந்து தரவைவிட அதிக இடம் பிடிக்கின்றன. பிடிக்கட்டும். 5 பைட்டில் எதிரியை அடைத்த காலத்துக்காக ஏங்குபவர்களின் கட்சியில் நான் இல்லை. எட்டாவது படிக்கும் என் அக்கா மகள் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து, “மாமா, புலிக்கு வேகம் 4-னு இருக்கே, 9-னு போட்டா என்ன ஆகும்?” என்று கேட்கிறாள். “போட்டுப் பாரும்மா” என்கிறேன். போட்டுப் பார்க்கிறாள். கடைசி உருப்படிக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி மிஞ்சிவிட்டால் கோப்பு திறக்காது. எந்த வரி என்று பிழைச் செய்தி சொல்லும், அவளே போய் அழிப்பாள். நாங்கள் ஹெக்ஸ் எடிட்டரில் தேடிக் கண்டடைந்தது அவளுக்கு முதல் நாளே கிடைக்கிறது. அது கிடைக்க வேண்டியதுதான்.

ஆனாலும் கீழே பைட் இருப்பது தெரிந்தவர் வீட்டில் ஒருவராவது வேண்டும். டைல்டு என்ற வரைபட மென்பொருளில் அவள் ஒரு மரத்தை இடவலமாகத் திருப்பி வைத்தாள். 5 என்று இருக்க வேண்டிய இடத்தில் 2147483653 என்று வந்தது. திருப்பியிருக்கிறது என்ற குறிப்பை எண்ணின் உச்சி பிட்டில் வைப்பது அந்த மென்பொருளின் வழக்கம். 2147483648-ஐக் கழித்தால் மீதி 5. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது, இம்பை ஷாட்கன் ஆக்கிய கணக்கையும் சேர்த்தே சொன்னேன்.

எனக்கு உண்மையில் கவலை தரும் விஷயம் வேறு. ஆட்டக்காரர் பெயருக்கு 20 பைட் என்று அன்று ஒதுக்குவோம். எட்டு பிட் தமிழ் எழுத்துருக்களின் காலத்தில் ‘மீனாட்சி’ பத்து பைட்டுக்குள் அடங்கிவிடும். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மீனாட்சிக்கு 24. பழைய பழக்கத்தில் இன்றும் 20 என்று ஒதுக்குபவர்களின் கேமில் ‘மீனாட்’ வரை வந்து, அடுத்த எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். ஜேசானில் இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பைத்தானில் ஜேசான் எழுதும் நிரல்தொகுப்பை அதன் இயல்பு நிலையில் விட்டால், ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஆறு ஆங்கிலக் குறிகளாக மாற்றி எழுதிவிடும். மீனாட்சி 48 குறிகள் கொண்ட ஒரு சரம் ஆகிறாள். கேமுக்கு ஒரு குறையும் இல்லை, சரியாகவே படிக்கும். கோப்பைத் திறக்கும் பெண்ணுக்குத்தான் தன் பெயர் தெரியாது. மனிதர் படிக்கட்டும் என்று எழுத்து வடிவக் கோப்புக்கு வந்துவிட்டு, தமிழ் படிக்கும் மனிதரை வெளியே நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தீர்வு கஷ்டமானதும் இல்லை. எழுதும் வரியில் ஒரு அமைப்பை அணைத்து, கோப்பை யுடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் போதும். தமிழில் கேம் செய்யும் ஒவ்வொருவரும் முதல் நாளே இதைச் செய்துவிட வேண்டும்.

ஜேசானில் குறிப்புரை எழுத வழியில்லை என்பதால், என் கோப்புகளில் ‘குறிப்பு’ என்றே ஒரு புலம் வைத்திருக்கிறேன். கேம் அதைக் கண்டுகொள்ளாது, படிப்பவருக்காக மட்டும். வேட் கோப்பின் தலைப்பைப் பார்த்துக் கற்றதன் தொடர்ச்சியாக, ஒவ்வொரு கோப்பின் முதல் புலமும் பதிப்பு எண். இப்போது பதிப்பு 2-க்கு வந்துவிட்டேன். புலிக்கு வேகத்தோடு பசியும் சேர்ந்திருக்கிறது. பதிப்பு 1-ஐப் படிக்கும் நிரல் துண்டை நீக்கவில்லை. அவள் முதலில் செய்த லெவல்களெல்லாம் அந்தப் பதிப்பில்தான் இருக்கின்றன. பசி இல்லாத கோப்பு வந்தால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.