சாய்வு −4.5: கல்வி அமைச்சுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: கணக்கு வாத்தியார், மேல்மாடி டியூஷன் சென்டர், பூச்சோங், சிலாங்கூர்.
பெறுநர்: கல்வி அமைச்சு மலேசியா, புத்ராஜெயா.
பொருள்: இருபத்து நான்கு ஆண்டு கால ஆதரவுக்கு நன்றி தெரிவித்தல்.

மாண்புமிகு ஐயாமார்களே, அம்மாமார்களே,

உங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை குறைசொல்லியே வரும். இது அப்படிப்பட்டது அல்ல. பூச்சோங்கில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் கணக்கு டியூஷன் நடத்திப் பிழைக்கிறவன் நான். கீழே மாமாக் கடை. இரவு எட்டரை மணிக்கு வந்து பார்த்தால், வாசலில் இரண்டு வரிசையாகக் கார்கள் சிக்னல் விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். எல்.டி.பி. நெடுஞ்சாலையில் டோல் கட்டி, நெரிசலில் ஊர்ந்து, வேலை முடிந்து வந்த பெற்றோர்கள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் நேராக இங்கே வந்து, பிள்ளை இறங்கி வரும்வரை கையில் ஒரு தே-ஓ பொட்டலத்தோடு காத்திருப்பார்கள். நான் விளம்பரம் செய்ததில்லை. அத்தனை பேரையும் என்னிடம் அனுப்பி வைத்தவர்கள் நீங்கள்.

ஆதாரம் இல்லாமல் நன்றி சொன்னால் முகஸ்துதி என்பார்கள். அதனால் ஆதாரத்தோடு வருகிறேன். நீங்கள் வெளியிட்ட படிவம் 2 கணிதப் பாடநூலில் பத்தாவது அத்தியாயம் நேர்க்கோட்டின் சாய்வு. டிம்ஸ் என்ற அனைத்துலகக் கணித, அறிவியல் மதிப்பீட்டில் உட்காருவதும் நம் படிவம் 2 பிள்ளைகள்தான். ஆகவே பாடத்தை அவர்களுடைய சொந்தக் கதையைக் கொண்டே நடத்துகிறேன். 1999-இல் நாம் முதன்முறையாகக் கலந்துகொண்டபோது கணிதத்தில் மலேசியாவின் சராசரி 519. 2023-இல் 411. மேலே மைனஸ் 108, கீழே 24. சாய்வு மைனஸ் 4.5. முடிவில்லாத தசமம் இல்லை, கால்குலேட்டர் தேவையில்லை. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமான எண்கள் கிடைப்பதில்லை. கடைசி வரிசைப் பையன் ஒருவன் கோட்டை நீட்டிப் பார்த்து, 2114-ஆம் ஆண்டில் அது பூஜ்யத்தைத் தொடும் என்று கண்டுபிடித்தான். "அதுக்கும் கீழ போகுமா சார்?" என்று கேட்டான். அமைச்சின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் வாத்தியார் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் இணைத்தால் நடுவில் நடந்தது மறைந்துபோகும். முழு வரிசை இது: 519, 508, 474, 440, 465, 461, 411. அதாவது 1999-இலிருந்து 2011-க்குள்ளேயே 79 புள்ளிகள் போய்விட்டன. அப்போது கோவிட் இல்லை, முகக்கவசம் இல்லை, பள்ளிகள் திறந்தே இருந்தன. கடைசி 50 புள்ளிக்குப் பெருந்தொற்றைக் காட்டினால் நான் மறுக்கமாட்டேன். மாதக்கணக்கில் பள்ளி பூட்டிக் கிடந்தது, ஒரே கைத்தொலைபேசியில் மூன்று பிள்ளைகள் முறைபோட்டுப் படித்தார்கள். ஆனால் முதல் 79 புள்ளியை எந்தக் கிருமி தின்றது என்று ஒருவரும் சொல்லவில்லை. இன்னொன்று: 2015-இல் 25 புள்ளி ஏறினோமே, அது எதனால்? இறங்கியதற்கு விளக்கம் கேட்டு ஊரே கத்துகிறது. ஏறியதற்கு விளக்கம் கேட்டு யாரும் ஒரு கடிதம் போட்டதாகத் தெரியவில்லை. நான் அமைச்சனாக இருந்தால் முதலில் அதைத்தான் தோண்டுவேன். நல்லவேளை, நான் டியூஷன் வாத்தியார். தோண்டினால் எனக்குத்தான் நட்டம்.

இந்தச் சரிவு எப்படி நேர்ந்தது என்று யோசித்ததில் எனக்கு ஒரு கருத்து பிறந்தது. எஸ்.பி.எம். தேர்வு முடிவுகளை அறிவிக்கும்போது ஜி.பி.என். என்ற தேசியச் சராசரி எண்ணைச் சொல்கிறீர்கள். அதில் எண் குறையக் குறையத் தேர்ச்சி உயர்வு. 2022-இல் 4.74, 2023-இல் 4.60, 2024-இல் 4.49. ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது, ஆண்டுக்கு ஆண்டு நிருபர் கூட்டத்தில் புன்னகை. புத்ராஜெயாவில் ஏதோ ஒரு மேசையில் டிம்ஸ் எண்ணையும் இதே கண்ணாடி போட்டுப் படித்துவிட்டார்கள் போலும். 519-ஐ 411-க்குக் கொண்டுவர ஒரு தலைமுறை உழைத்திருக்கிறது. அந்தக் கோப்பில் "சிறப்பு" என்று யாராவது பச்சை மையில் எழுதியிருந்தாலும் நான் வியக்கமாட்டேன். வேறு எப்படி விளங்கிக்கொள்வது? உள்ளூர்த் தேர்வில் பிள்ளைகள் ஆண்டுதோறும் கெட்டிக்காரர்கள் ஆகிறார்கள். அதே நாட்டுப் பிள்ளைகள் வெளியூர்க் கேள்வித்தாளைப் பார்த்தால் மட்டும் மங்கிப்போகிறார்கள்.

மற்ற நாடுகள் என்ன செய்தன என்பதையும் பலகையில் எழுதித்தான் காட்டுகிறேன். 1999-இல் அமெரிக்காவுக்கு 502, இங்கிலாந்துக்கு 496. இருவரையும் நாம் முந்தினோம். 38 நாடுகளில் 16-ஆவது இடம். துருக்கிக்கு அப்போது 429, நம்மைவிட 90 புள்ளி பின்னால். 2023-இல் துருக்கி 509. இங்கிலாந்து 525. துருக்கியின் கோடும் நம் கோடும் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது எங்கள் வகுப்பில் அருமையான பயிற்சி. சிங்கப்பூர் ஒன்றுதான் எனக்கு உதவாத நாடு. 1999-இல் 604, 2023-இல் 605. சாய்வே தெரியாத கோட்டை வைத்து நான் எதை நடத்துவது?

பிசா என்ற இன்னோர் அனைத்துலகத் தேர்வை எடுத்தால் அங்கேயும் உங்கள் கைவண்ணம் தெரிகிறது. 2022-இல் நம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கணிதத்தில் 409. வியட்னாம் 469. நாம் எப்போதும் அன்போடு தம்பி என்று பார்க்கும் புருணை 442. அந்தத் தேர்வு வகுத்த அடிப்படை நிலையை எட்டியவர்கள் நம்மில் நூற்றுக்கு 41 பேர். இதிலும் பெருந்தொற்றைச் சொல்வீர்கள். நாம் இறங்கிய அதே 2018-க்கும் 2022-க்கும் இடையில் சிங்கப்பூர் 569-இலிருந்து 575-க்கும், தைவான் 531-இலிருந்து 547-க்கும், புருணை 430-இலிருந்து 442-க்கும் போயிருக்கின்றன. அந்தக் கிருமி நம் குடிநுழைவு முத்திரையைப் பார்த்துத்தான் கணக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 2015 கதையை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். நாம் 446 வாங்கினோம், ஏறுமுகம். ஆனால் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் போதுமானவை பங்கேற்கவில்லை. 85 விழுக்காடு வேண்டிய இடத்தில் 51 விழுக்காடுதான் என்று சொல்லி நம்மைத் தரவரிசையிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். அதிசயமாய் மதிப்பெண் ஏறிய தேர்வில் வருகைப் பதிவு போதவில்லை. என் சென்டரில் வராத பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, கட்டணம் மட்டும் வாங்கிக்கொள்வேன்.

உங்கள் சேவைகளில் மொழி விஷயத்தைத்தான் நான் தனியாகக் கும்பிட வேண்டும். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்று பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டத்தைக் கொண்டுவந்தீர்கள். ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் கிடைத்தது. முதலாம் ஆண்டிலும் படிவம் 1-இலும் ஒரே நேரத்தில் தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் "வகுத்தல், பெருக்கல், மீதி" என்று படித்து வந்த பிள்ளை, படிவம் 1-இல் ஒரு ஜனவரி காலையில் உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் இங்கிலீஷ். 2009-இல் போதும் என்றீர்கள். பிறகு 2016-இல் டி.எல்.பி. என்ற பெயரில், விருப்பமுள்ள பள்ளிகளில் மறுபடியும் இங்கிலீஷ். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியில், தம்பி ஒரு மொழியில் பின்னம் படித்த குடும்பங்கள் என்னிடம் வந்திருக்கின்றன. எந்த மொழி நல்லது என்று நான் சண்டைக்கு வரவில்லை. எந்த மொழியிலும் ஒழுங்காகப் படிக்கலாம், அதே மொழியில் பத்து வருடம் இருக்கவிட்டால். நீங்கள் இருக்கவிடவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு ஒரு புது வகுப்பு சேர்ந்தது.

பிறகு தேர்வுகள். 2021-இல் ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். போனது, 2022-இல் படிவம் 3-இன் பி.டி.3 போனது. அழுத்தம் குறைந்தால் பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் படிப்பார்கள் என்றீர்கள். மகிழ்ச்சிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் தேர்வு போன இடத்தில் வகுப்பறை மதிப்பீடு வந்து உட்கார்ந்தது. ஆறு தேர்ச்சி நிலைகள். ஆசிரியர்கள் பாடம் நடத்தும் நேரத்தில் பாதியைத் தரவு நிரப்பவே கொடுக்கிறார்கள் என்று அவர்களே என்னிடம் வந்து புலம்புகிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் என்னிடம்தான் படிக்கிறார்கள். பிறகு மறுபடியும் தேர்வு வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. என் வாடிக்கையாளர்கள் எதற்கும் தயார்.

அந்தத் தேர்ச்சி நிலை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு காட்சி. நான்காம் நிலை என்று அறிக்கை அட்டையோடு வந்தாள் ஒரு படிவம் 2 மாணவி. 2011 டிம்ஸில் கேட்டு, பிறகு பொதுவில் வெளியிட்ட கேள்வி ஒன்றைப் பலகையில் எழுதினேன். மூன்றில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்றைக் கழிக்கச் சரியான வழி எது? நான்கு வழிகள் கொடுத்திருக்கும். அவள் யோசிக்காமல் முதல் வழியைக் காட்டினாள். மேலே ஒன்று கழித்தல் ஒன்று, கீழே நான்கு கழித்தல் மூன்று.

"மேல சுழியம், கீழ ஒன்னு. விடை சுழியம் சார்."

"அப்போ மூனுல ஒரு பங்கும் நாலுல ஒரு பங்கும் ஒன்னா?"

பதில் இல்லை. நான் ஏதோ தந்திரம் செய்கிறேன் என்று பார்த்தாள். பலகையை அழித்துவிட்டு வேறு மாதிரி கேட்டேன். "அப்பா பன்னிரண்டு வெள்ளி கொடுக்கிறாரு. அண்ணனுக்கு மூனுல ஒரு பங்கு, உனக்கு நாலுல ஒரு பங்கு. அவனுக்கு எவ்வளவு கூட?"

"ஒரு வெள்ளி." கண் இமைக்கவில்லை. "அவனுக்கு ஏன் சார் கூட?"

பன்னிரண்டில் ஒரு பங்கு. அவள் தலைக்குள் விடை இருக்கிறது, அநியாயத்தைக் கண்டுபிடிக்கும் வேகத்தோடு இருக்கிறது. ஏழு வருடப் பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு வெள்ளியையும் பலகையில் உள்ள பின்னத்தையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவள் என்னிடம் வந்திருக்கமாட்டாள். இதைவிட நேர்மையாக என் நன்றியை எப்படிச் சொல்வது?

நம்மை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும். அந்தக் கேள்விக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்த பின்லாந்துப் பிள்ளைகள் நூற்றுக்கு 16 பேர்தான். ஊர் உலகமே படிக்கப் போகும் பின்லாந்து! பிசா கணிதத்தில் 2003-இல் 544 இருந்த நாடு 2022-இல் 484. அவர்களைப் பின்பற்றுவோம் என்று பல ஆண்டுகளாகச் சொன்னோம், இறங்குவதிலாவது பின்பற்றிவிட்டோம். இந்தியா இன்னும் சாமர்த்தியம். 2009 சுற்றில் தமிழ்நாட்டையும் இமாச்சலப் பிரதேசத்தையும் பிசாவுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டுக்குக் கணிதத்தில் 351, இமாச்சலத்துக்கு 338. ஏறக்குறைய பட்டியலின் அடியில் போய் நின்றார்கள். கேள்விகள் நம் பண்பாட்டுச் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றுகளுக்குப் போகவே இல்லை. கவலை ஒரே நாளில் தீர்ந்தது. நீங்களும் அந்த வழியைப் பார்க்கக்கூடும் என்று எனக்கு உள்ளூரப் பயம். தயவுசெய்து வேண்டாம். உள்ளூர் அளவுகோல்களை ஒவ்வொன்றாக மடித்து வைத்தாகிவிட்டது. இந்த வெளியூர் அளவுகோலும் போனால், பெற்றோர்கள் எதைப் பார்த்துப் பதறி என்னிடம் ஓடிவருவார்கள்?

கடைசியாக ஒரு சொந்த விண்ணப்பம். 2013-இல் வெளியிட்ட உங்கள் கல்விப் பெருந்திட்டத்தில், டிம்ஸிலும் பிசாவிலும் 15 ஆண்டுகளுக்குள் உலகின் முதல் மூன்றில் ஒரு பங்கு நாடுகளுக்குள் வந்துவிடுவோம் என்று எழுதியிருந்தீர்கள். கணக்குப்படி அது 2028. அடுத்த டிம்ஸ் 2027-இல். வழக்கப்படி அதற்கு அடுத்த ஆண்டுக் கடைசியில் முடிவு வரும். அதுவும் 2028. இங்கே என் பக்கத்துக் கடைவீட்டு மாடி காலியாக இருக்கிறது. இரண்டு வகுப்பறை போடலாம், கழிவறை தனி. சொந்தக்காரர் மூன்று வருட ஒப்பந்தம் கேட்கிறார், முன்பணம் இரண்டரை மாதம். நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றப்போவதாக இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பழைய சாய்விலேயே போவதாக இருந்தால் இன்றே போடுகிறேன். மாதக் கடைசிக்குள் ஒரு வரி பதில் போட்டால் உதவியாக இருக்கும். வழக்கம்போல் பதில் வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேசை நாற்காலிக்குச் சொல்லிவிடுகிறேன்.

இக்கண்,
நன்றியுள்ள,
கணக்கு வாத்தியார், பூச்சோங்