ஸ்லேயருக்குச் சம்பளம் உண்டா?

பஃபி சம்மர்ஸ் வங்கிக்குக் கடன் கேட்டுப் போகும் காட்சியில் பார்க்கிற அத்தனை பேரும் அவள் பக்கம் நிற்பார்கள். நான் கடன் அதிகாரி பக்கம் நின்றேன். பணிக்காலம் முழுக்க ஒரு பொதுத்துறை வங்கியின் கடன் பிரிவில் குப்பை கொட்டியவளுக்கு வேறு பக்கம் தெரியாது.

பஃபியைத் தெரியாதவர்களுக்கு: 1997 மார்ச்சிலிருந்து 2003 மே வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய தொடர். ஏழு சீசன், 144 எபிசோட். உருவாக்கியவர் ஜாஸ் வீடன், பஃபியாக நடித்தவர் சாரா மிஷெல் கெல்லர். கலிபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்கு அடியில் நரகத்தின் வாசல். தலைமுறைக்கு ஒரு பெண்தான் ஸ்லேயர். இந்தத் தலைமுறைக்கு இவள். பகலில் வீட்டுப்பாடம், ராத்திரியில் கையில் மரமுளையோடு கல்லறைத் தோட்டத்தில் ரத்தக்காட்டேரி வேட்டை.

என் அக்கா மகள் ஒரு பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று எங்கள் வீட்டில் வந்து தங்கி, படிக்காத நேரத்திலெல்லாம் இதைப் போட்டுக் காட்டினாள். "சும்மா பேய்க்கதைன்னு நினைக்காதீங்க சித்தி. அவளுக்குள்ளயே ஒரு இருட்டு இருக்கு. கடமை ஒரு பக்கம் இழுக்குது, அந்த இருட்டு ஒரு பக்கம் இழுக்குது. அதான் கதையே" என்றாள். நானும் இருட்டைத் தேடித்தான் உட்கார்ந்தேன். என் கண்ணில் பட்டதோ இல்லாத பே ஸ்லிப்.

ஆறாவது சீசன், நாலாவது எபிசோட். வீட்டின் நிலவறையில் குழாய் வெடித்துத் தண்ணீர் முட்டி வரைக்கும் நிற்கிறது. பிளம்பர் வந்து, மொத்தக் குழாயையும் மாற்றணும் என்று சொல்லிவிட்டுப் போகிறார். எந்த நாட்டிலும் பிளம்பர் இதைத்தான் சொல்வார் போலிருக்கிறது. அம்மா காலமாகிவிட்டாள், இன்ஷூரன்ஸ் பணத்தை ஆஸ்பத்திரி செலவு தின்றுவிட்டது. தங்கை டான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பஃபி நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வங்கிக்குப் போகிறாள். வருமானம்? இல்லை. வேலை? இல்லை. ஈடாக ஒரு வீடு இருக்கிறது, ஆனால் அது சன்னிடேலில் இருக்கிறது. வாரம் தவறாமல் யாராவது கழுத்தில் இரண்டு ஓட்டையோடு கிடக்கிற ஊரில் மனை விலை எப்படி ஏறும்? அதிகாரி கையை விரிக்கிற நேரத்தில் ஓர் அரக்கன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வருகிறான். பஃபி அவனோடு மோதி விரட்டுகிறாள். அதன் பிறகும் கடன் கிடைக்கவில்லை.

"அவ்வளவு பேர் உயிரைக் காப்பாத்தியிருக்கா சித்தி!" என்று அக்கா மகள் கொதித்தாள்.

"காப்பாத்தினதுக்கு ஒரு சால்வை போத்தலாம்டி. கடனுக்கு ஜாமீன் யாரு போடறது?"

இதைச் சொன்னதற்கு அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை. ஆனாலும் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறவருக்குத்தான் கஷ்டம் புரியும். இந்தப் பெண் இரண்டு தடவை செத்தவள். முதல் சீசன் முடிவில் தண்ணீரில் மூழ்கிச் செத்து, நண்பன் நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுத்துப் பிழைத்தாள். ஐந்தாவது சீசன் முடிவில் தங்கைக்குப் பதிலாக உயரமான கோபுரத்திலிருந்து குதித்துச் செத்தாள். புதைத்து, கல்லும் நட்டாயிற்று. பிறகு தோழி வில்லோ மந்திரம் போட்டு எழுப்பினாள். எங்கள் ஊரில் ஒரே ஒரு தடவைகூடச் சாகாத பென்ஷன்தாரர்களே நவம்பர் மாதம் உயிர்வாழ் சான்றுக்குப் படாத பாடு படுகிறார்கள். இவளுக்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2003-ல் கடைசி எபிசோடில் சன்னிடேல் முழுக்க அப்படியே பள்ளத்தில் இறங்கிப் போகிறது, ஈடு வைக்க இருந்த வீடு உட்பட. கடன் கொடுத்திருந்தால் வராக்கடன்தான். அந்த அதிகாரிக்குத் தொடரில் யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை.

அந்தக் கடன் எபிசோடில் எனக்குப் பிடித்துப்போனவள் ஆன்யா. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழிவாங்கும் அரக்கியாக இருந்துவிட்டு, சக்தி போய், மாந்திரீகச் சாமான் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். பேயை ஓட்டுவதற்குக் கட்டணம் வாங்கேன் என்று அவள்தான் யோசனை சொல்கிறாள். மற்ற எல்லாரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். நல்லவர்கள் கூட்டத்தில் நியாயமான பேச்சு ஒரு முன்னாள் அரக்கியின் வாயிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

இத்தனைக்கும் ஸ்லேயருக்கு மேலே ஒரு நிர்வாகம் உண்டு. வாட்சர்ஸ் கவுன்சில் என்று பெயர், இங்கிலாந்தில் தலைமையிடம். ஸ்லேயருக்குப் பயிற்சி கொடுக்க, மேற்பார்வை பார்க்க ஒரு வாட்சர். அவருக்குச் சம்பளம் உண்டு. சண்டை போட்டுச் சாகிற பெண்ணுக்குக் கிடையாது. ஐந்தாவது சீசனில் கவுன்சில்காரர்கள் கூட்டமாக வந்து பஃபியைச் சோதிக்கப் பார்க்கிறார்கள். அவளோ ஆட்டத்தையே திருப்பிப் போடுகிறாள். ஸ்லேயர் இல்லாமல் உங்களுக்கு ஏது பிழைப்பு என்று கேட்டு, நிபந்தனை விதிக்கிறாள். இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், யூனியன்காரி அல்லவா! எதிராளி இறங்கி வந்தாயிற்று, பேனாவைத் திறந்தாயிற்று. என்ன கேட்டாள் தெரியுமா? வேலையை விட்டு நீக்கிய தன் வாட்சர் ஜைல்ஸை மறுபடி சேர்க்க வேண்டும், நீக்கிய நாளிலிருந்து அரியர்ஸோடு. கொடுத்தார்கள். தனக்கென்று ஒரு பைசா கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

இருட்டுப் பக்கத்தின் பணி நிபந்தனைகளைப் பாருங்கள். மூன்றாவது சீசனில் ஃபெய்த் என்று இன்னொரு ஸ்லேயர் வருகிறாள், பஃபி ஒரு தடவை செத்துப் பிழைத்ததால் வந்த கணக்குக் குழப்பம். ஒரு மட்டமான மோட்டல் அறையில் தங்கியிருக்கிறாள். அக்கறையாக எட்டிப் பார்க்க ஆளில்லை. ஒரு ராத்திரி சண்டையில் கை தவறி ஒரு மனிதனைக் குத்திக் கொன்றுவிடுகிறாள். அதிலிருந்து வழி மாறி ஊர் மேயரிடம் போய்ச் சேர்கிறாள். மேயர் பட்டமளிப்பு நாளன்று பிரம்மாண்டமான பாம்பு அரக்கனாக மாறத் திட்டம் போட்டிருப்பவர். மற்றபடி தங்கமான மனுஷன்: கெட்ட வார்த்தை பேசினால் பிடிக்காது, கிருமி என்றால் பயம். சேர்ந்த உடனே அவளுக்கு ஒரு ஃப்ளாட் கொடுக்கிறார், உள்ளே பிளேஸ்டேஷன் வேறு. சாப்பிட்டாயா என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தால் ஃபெய்த் என்ன, யாராக இருந்தாலும் போவார்கள். அவளை இருட்டு இழுத்ததா, ஃப்ளாட் இழுத்ததா என்பது விவாதத்துக்கு உரியது.

இனி பஃபியின் சொந்த இருட்டு. ஐந்தாவது சீசன் தொடக்கத்தில் டிராகுலாவே சன்னிடேலுக்கு வந்து, உன் சக்தியின் வேர் இருட்டில்தான் இருக்கிறது என்று காதில் ஓதுகிறான். சொல்வதற்கு அவனுக்கு ஆதாரமும் உண்டு. அந்த எபிசோடின் முதல் காட்சியே, பக்கத்தில் காதலன் தூங்க, பஃபி நைசாக எழுந்து போய் ஒரு காட்டேரியைத் துரத்தி முடித்துவிட்டு வந்து படுப்பதுதான். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஓவர்டைம் பணம் இல்லாமலே ஓவர்டைம் பார்க்கிறவர்களை நான் எப்போதுமே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஏழாவது சீசனில் விஷயம் வெளியே வருகிறது: ஆதிகாலத்தில் மூன்று ஆண்கள் ஒரு பெண்ணைச் சங்கிலியால் கட்டி, அரக்கனின் சாரத்தை அவளுக்குள் ஏற்றித்தான் முதல் ஸ்லேயரை உண்டாக்கியிருக்கிறார்கள். பஃபிக்கும் கூடுதலாகக் கொஞ்சம் ஏற்ற வருகிறார்கள். அவள் வேண்டாம் என்று உதறிவிடுகிறாள். ஆக இருட்டு அவள் தேடிப் போனதில்லை. வேலையோடு சேர்த்துக் கொடுத்தது.

எங்கள் கிளையில் ஒரு ஹெட் கேஷியர் அம்மாள் இருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், வெள்ளிக்கிழமை தவறாமல் டிபன் பாக்ஸில் எல்லாருக்கும் சுண்டல். மார்ச் 31 ராத்திரி கணக்கு முடிக்கும் நேரத்தில் யாராவது "இன்னும் ஒரே ஒரு வவுச்சர் மேடம்" என்று நீட்டினால், அந்த அம்மாள் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து இங்க் பேடில் குத்துவார் பாருங்கள், மரமுளை தோற்றது. மேனேஜர்கூட அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். கணக்கு சரியானதும், "மாவு அரைக்கணும்" என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த அம்மாளுக்குள் பேய் இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. வேலை ஜாஸ்தி என்றுதான் சொன்னோம்.

உயிர்த்தெழுந்த பஃபிக்கு வருகிறது நிஜமான சோதனை. சொர்க்கத்தில் நிம்மதியாக இருந்தவளை நண்பர்கள் பாசத்தால் இழுத்து வந்துவிட்டார்கள். எதிலும் பிடிப்பில்லை. ஸ்பைக் என்ற காட்டேரியோடு ரகசிய உறவு. இருவரும் சேர்ந்த முதல் ராத்திரி ஒரு கட்டடமே இடிந்து விழுகிறது. மனிதரை அடித்தால் ஸ்பைக்கின் தலையில் வலி பாயும்படி அரசாங்கம் ஒரு சில்லு வைத்திருக்கிறது. பஃபியை அடித்தால் மட்டும் வலிக்கவில்லை. அப்படியென்றால் நான் மனுஷியில்லை, திரும்பி வரும்போது ஏதோ கோளாறாகிவிட்டது என்று பயந்து, மந்திரம் தெரிந்த டாராவிடம் ரகசியமாகப் பரிசோதிக்கச் சொல்கிறாள். டாரா பார்த்துவிட்டு வந்து, உனக்கு ஒன்றுமில்லை, வெயிலில் மேனி கறுத்த மாதிரி சின்ன மாற்றம்தான், மற்றபடி நீ பழைய ஆள்தான் என்கிறாள். பஃபி டாராவின் மடியில் விழுந்து தேம்பித் தேம்பி அழுகிறாள். "நான் பேய்" என்று ஒரு சான்றிதழ் கிடைத்திருந்தால் நிம்மதியாகப் போயிருக்கும். செய்ததற்கெல்லாம் பேயைக் காரணம் காட்டலாம். இந்த ஒரு இடத்தில் எனக்கும் கேலி பேச வாய் வரவில்லை. அக்கா மகளும் பேசாமல் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

நடுவில் பஃபி டபுள்மீட் பேலஸ் என்ற பர்கர் கடையில் வேலைக்குச் சேர்கிறாள். தலையில் மாடும் கோழியும் வைத்த தொப்பி. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, பர்கரில் போடுவது மனிதக் கறி என்று சந்தேகப்படுகிறாள். கடைசியில் பார்த்தால் அந்தக் கறி காய்கறி! ரகசியத்தை வெளியே சொல்லாமலிருக்கப் பஃபி கேட்கும் விலை, போன வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான். உலகத்தைப் பலமுறை காப்பாற்றியவளுக்குக் கைக்குச் சம்பளம் வந்தது, சைவ பர்கரை அசைவம் என்று விற்ற கடையிலிருந்து.

கடைசி எபிசோடில் பஃபி ஒரு காரியம் செய்கிறாள். தலைமுறைக்கு ஒருத்தி என்று அந்த மூன்று ஆண்கள் வைத்த விதியை உடைத்து, வில்லோவின் மந்திரத்தால் உலகெங்கும் தகுதியுள்ள பெண்கள் எல்லாரையும் ஸ்லேயர் ஆக்கிவிடுகிறாள். ஒருத்தி தலையில் இருந்த சுமை பல பேருக்குப் பகிர்ந்தாயிற்று. கேட்டதும் கைதட்டினேன். ஆனால் வேலைக்கு ஆள் சேர்த்தாளே தவிர, சம்பளம் நிர்ணயிக்கவில்லை. போய்க் கேட்கலாம் என்றால் கவுன்சிலும் இல்லை. அதே சீசனில் அதன் லண்டன் தலைமையகம் குண்டு வெடித்துத் தரைமட்டமாகிவிட்டது. ஏழு சீசன் அரியர்ஸ் இன்றுவரை நிலுவை.