கடைசியாகப் படித்தவர்

அன்னாரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன், அவர் கடைசியாக என்ன படித்தார் என்று விசாரித்துக்கொள்வது உத்தமம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அவர் மனைவியிடமே கேட்கலாம். "காலையிலேர்ந்து வட்டி வாங்குறதே பாவம்னு சொல்லிக்கிட்டிருக்கார். கைமாத்து கேக்கணும்னா இப்பவே உள்ள போங்க. சாயங்காலத்துக்குள்ள மாறிடும்" என்பார் அந்த அம்மாள், புள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். சமூகத்தைப் பற்றி அவருக்குக் கருத்து இல்லாத நேரம் கிடையாது. ஒரே கருத்து இரண்டு நாள் தங்கியதும் கிடையாது. அதற்காக அவரைப் பச்சோந்தி என்று சொல்லிவிடக் கூடாது. சொல்லுகிற நேரத்தில் முழு மனதோடு நம்பித்தான் சொல்கிறார். கடைசியாகக் கண்ணில் பட்ட எழுத்து எதுவோ, அதுவே அவருடைய கட்சி, அதுவே மருத்துவம், அதுவே பொருளாதாரம்.

எல்லாம் எழுத்தின் மேல் வைத்த பக்தியால் வந்த வினை. காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட தலைமுறை அவருடையது. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் அன்றைக்குப் படிக்கக் கூடாது, கும்பிட மட்டும்தான் செய்யலாம். கும்பிட்ட பொருளோடு எப்படிச் சண்டை போடுவது? அச்சில் வந்ததை மறுத்துப் பேசுவது பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதற்குச் சமம் என்றே அவர் மனசு படிந்துவிட்டது.

அவர் படிக்கப் பழகியது பெரும்பாலும் கடலைப் பொட்டலத்தில். கடலையைத் தின்று முடித்ததும் தாளைப் பிரித்து, உப்பைத் தட்டிவிட்டு, எழுத்துக் கூட்டிப் படிப்பார். தலைப்பு கிழிந்திருக்கும். தேதி இருக்காது. கொலையுண்டவர் யார் என்று சொல்லப்போகிற இடத்தில் 'தொடர்ச்சி 6-ம் பக்கம்' என்று இருக்கும். அந்த 6-ம் பக்கத்தில் வேறு எவருக்கோ சுண்டல் மடித்துக் கொடுத்திருப்பார் கடைக்காரர். மீதிக் கதையை இவரே மனசுக்குள் எழுதி முடித்துக்கொள்வார். முன்னும் பின்னும் இல்லாத துண்டிலிருந்து முழு உலகத்தையும் கட்டி எழுப்பும் திறமை அன்றைக்கே வாய்த்துவிட்டது.

ஆனாலும் அந்தக் காலத்தில் அவரால் ஊருக்குப் பெரிய சேதாரம் இல்லை. காரணம், டீக்கடை. அங்கே ஒரே ஒரு தினத்தந்தி நான்கு பேர் கையில் நான்கு தாளாகப் பிரியும். ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கட்சிப் படிப்பகங்களிலும் அதே வழக்கம்தான். அன்னார் ஒரு செய்தியைப் படித்துவிட்டு "நாடு போச்சு!" என்று ஆரம்பித்தால், எதிர் பெஞ்சில் இருப்பவர் பீடியை எடுத்துவிட்டு, "அதுக்கு நேத்தே மறுப்பு வந்தாச்சுண்ணே. டீ ஆறுது, குடிங்க" என்பார். நாடு உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்த எதிர் பெஞ்சுக்காரருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை, சால்வை போர்த்தவுமில்லை. அன்னாரை அத்தனை வருஷம் சமநிலையில் வைத்திருந்தவர் அவர்தான்.

அப்புறம் அன்னார் புத்தகம் வாங்கத் தொடங்கினார். 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பொங்கலையொட்டி ஆண்டுதோறும் போவார். 10 சதவீதத் தள்ளுபடியில் பை நிறைய வாங்குவார். வெளியே மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் தின்பார். அந்த எண்ணெய்க் கையோடு பின்னட்டைகளைப் படித்து முடித்துவிடுவார். உள்ளே ஏதாவது ஒரு புத்தகத்தில் முப்பது பக்கம் நகர்ந்தால் போதும், அடுத்த மாதம் முழுவதும் அந்தப் புத்தகம்தான் நம்மோடு பேசும்.

'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' படித்த மாதம், குடியிருக்கும் வீடு சொத்தே அல்ல, சுமை என்று கண்டுகொண்டார். இருபது வருஷம் வீட்டுக் கடன் கட்டிய தன் அப்பாவிடமே போய் அதைச் சொன்னார். பெரியவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சுமையா இருந்தா இறக்கி வச்சுட்டு வெளிய போப்பா. வாடகைக்கு ஆள் இருக்கு" என்றார். அத்தோடு அந்த மாதம் முடிந்தது.

ஹராரியின் 'சேப்பியன்ஸ்' தமிழில் வந்தபோது இன்னும் மோசம். மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கி வயலில் குனிய வைத்தது என்று அதில் ஒரு வாதம் உண்டு. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அன்னார், தட்டில் விழுந்த சப்பாத்தியைப் பார்த்து, "இது நமக்கு அடிமை இல்லை, நாமதான் இதுக்கு அடிமை" என்றார். "மாவு பிசைஞ்சு, உருட்டி, சுட்டு எடுத்த எனக்கு அது தெரியாதா?" என்றார் மனைவி. ஹராரிக்கு அதைவிடச் சுருக்கமான மதிப்புரை தமிழில் வந்திருக்காது.

கல்கி 1950-லிருந்து 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' 2022-ல் திரைக்கு வந்ததும், அன்னார் கல்வெட்டு நிபுணர் ஆனார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது உத்தம சோழன்தான் என்று பத்து நிமிடக் காணொளி ஒன்று சொல்லிவிட்டது. பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரிடமும் அந்த வழக்கை நடத்தினார். நிஜத்தில் அந்த வழக்கு சுவையானது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். உடையார்குடிக் கல்வெட்டோ ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தவர்களையும் துரோகிகள் என்று சொல்லி, அவர்கள் வகையறாவின் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. மூன்றையும் படிக்கிறவர் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு யோசிப்பார். ஒன்றை மட்டும் படிக்கிறவர் தீர்ப்பு எழுதுவார். அன்னாருக்கு இருந்ததெல்லாம் பத்து நிமிடம். எதிர் பெஞ்சு காலியாகத் தொடங்கியிருந்தது.

கைப்பேசியோ பெஞ்சையே தூக்கிக்கொண்டு போய்விட்டது. மாதக் கணக்கில் இருந்த கருத்தின் ஆயுள் இப்போது மணிக் கணக்குக்கு வந்துவிட்டது. ஒரு சாதாரண நாளின் நிலவரம் இது: காலை 7 மணிக்கு, பைக் சாகசம் செய்யும் பையன்களின் காணொளி. "இந்தத் தலைமுறை உருப்படாது." 11 மணிக்கு, பாட்டியைச் சாலை கடக்க வைக்கும் கல்லூரி மாணவன். "இளைஞர்கள் கையில்தான் நாடு." மாலை, அமெரிக்க வேலையை உதறிவிட்டு நாட்டுமாடு வளர்க்கும் பொறியாளர். "படிப்பே தண்டம்." இரவு, கலெக்டர் ஆன ஆட்டோ ஓட்டுநரின் மகள். "படிப்புதான் சொத்து." பக்கத்து அறையில் குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அவர் மகள், இரண்டையும் குறித்துக்கொண்டு, விடை (ஈ) 'மேற்கண்ட அனைத்தும் தவறு' என்று வட்டமிட்டுவிட்டாள்.

2016-ல் புது 2000 ரூபாய் நோட்டு வந்தபோது, அதற்குள் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்று செய்தி ஓடியது. அன்னார் நம்பினார். வீட்டில் இருந்தது மொத்தம் ஒரே நோட்டு. அதை அரிசி டப்பாவுக்குள் வைத்து, செயற்கைக்கோளுக்குத் தான் யோக்கியன் என்று தெரியட்டும் என மூடியைத் திறந்தே வைத்தார். 2023-ல் அந்த நோட்டையே திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது, "சிப்பு ரிப்பேராயிருக்கும்" என்றார். நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாகவும் அவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை செய்தி வரும். யுனெஸ்கோவுக்கு அப்படிப் பட்டம் கொடுக்கும் வழக்கமே இல்லை. அதனால் என்ன? ஆகஸ்ட் 15 வருகிறதே.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது, 1931-ல், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. அந்த இரண்டையும் சமூக ஊடகக் கம்பெனிகள் அணுவும் பிசகாமல் நிறைவேற்றிவிட்டன. அன்னார் எதில் நிறுத்துகிறார், எதைக் கடந்து போகிறார், எதற்குக் கோபப்பட்டுப் பதில் எழுதுகிறார் என்று குறித்து வைத்து, அதே ரகத்தில் இன்னும் காரமாக ஒன்றை அடுத்துத் தருகிறார்கள். அவர் கைப்பேசியைப் படிக்கிறார், கைப்பேசி அவரைப் படிக்கிறது. இருவரில் ஆழ்ந்து படிக்கிறவர் அன்னார் அல்ல. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று ரங்கநாதன் எழுதிய நான்காவது விதியை மட்டும் கம்பெனிக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இதன் விளைவாக ஒரே சோபாவில் மூன்று தமிழ்நாடு உட்கார்ந்திருக்கிறது. அன்னாரின் தமிழ்நாட்டில் சட்டம் ஒழுங்கு செத்து நாளாகிவிட்டது. தீபாவளிக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையின் தமிழ்நாட்டில் எல்லாத் துறையிலும் முதலிடம். மனைவியின் தமிழ்நாடு முழுக்க மாமியார்கள். மூவரும் தங்கள் தங்கள் திரையை அடுத்தவர் மூக்குக்கு நேரே நீட்டி, "இதோ பாருங்க, ஆதாரம்!" என்கிறார்கள். வாசலில் குப்பை வண்டி வந்து மணி அடித்துவிட்டுப் போனதை மூன்று தமிழ்நாடுகளிலும் யாரும் கவனிக்கவில்லை.

சிரிப்பு நின்றுபோகும் இடமும் உண்டு. 2018 மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் கிளம்பிய சென்னைக் குடும்பம் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தருகே நிறுத்தி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்த ஊருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அந்தக் குடும்பத்தின் மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களில் பெரும்பாலோர் அன்னாரைப் போன்ற சாதுக்களாகத்தான் இருந்திருப்பார்கள். கைப்பேசி மேல் மட்டும் பழி போடவும் முடியாது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வெளிவந்து நான்கு வருஷம் நிம்மதியாக இருந்த நாவல். அதன் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துத் திருச்செங்கோட்டில் விநியோகித்த பிறகுதான் ஊர் கொதித்தது. முழுப் புத்தகம் கையில் இருந்த காலத்திலும் துண்டுத் தாள்தான் வேகமாக ஓடியது.

நாட்டில் வாட்ஸ்அப் வதந்திகளால் பல சாவுகள் நேர்ந்த பிறகு, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது வாட்ஸ்அப். பலமுறை கைமாறிய செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒரு உரையாடலுக்குத்தான் என்று 2020 ஏப்ரலில் அதை இன்னும் இறுக்கியது. அன்னார் இதைக் கருத்துரிமைக்கு விழுந்த அடியாகக் கருதினார். நகலெடுத்து ஒட்டி, ஒவ்வொருவராக, 83 பேருக்கு அந்தக் கண்டனத்தை அனுப்பி வைத்தார். கட்டைவிரல் வீங்கிவிட்டது. வீக்கத்துக்கு என்ன தடவலாம் என்று அவருக்கு வந்த பதில்கள் தனி வரலாறு.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2015 சென்னை வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரப்பியவரும் அவரே. எந்தத் தெருவில் பால் இல்லை, எந்த மாடியில் பெரியவர்கள் சிக்கியிருக்கிறார்கள் என்று ராத்திரி முழுக்கத் தகவல் கடத்தி, விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போனவரும் அவரே. முதலையையும் நம்பிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கினார். படித்ததை நம்புகிறவனிடம் ஒரு கெட்டதும் உண்டு, ஒரு நல்லதும் உண்டு: எழுந்து போய்விடுவான்.

இந்த உண்மையை முதலில் கண்டுகொண்டவர் அவர் மனைவி. முப்பது வருஷம் சொல்லிக் கேட்காத மனிதர், படித்தால் கேட்பார் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து தானே தட்டச்சு செய்தார்: 'தினமும் அரை மணி நேரம் பாத்திரம் துலக்கும் ஆண்களுக்கு மாரடைப்பு வருவதில்லை. ஈரமான விரல் நுனிகள் வழியாக ரத்த ஓட்டம் சீராகிறது. அனைவருக்கும் பகிரவும்.' நாத்தனார் மூலமாகக் குடும்பக் குழுவில் சேர்த்துவிட்டார். மறுநாள் காலை 6 மணிக்கு அடுப்படியில் பாத்திரச் சத்தம். அன்னார் சபீனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் அந்த அம்மாளின் கைப்பேசிக்கு, பழைய பள்ளித் தோழிகள் குழுவிலிருந்து, ஒரு செய்தி வந்தது. தலையில் இரட்டை அம்புக்குறி, 'பலமுறை முன்னனுப்பப்பட்டது.' ஜப்பான் விஞ்ஞானிகளின் ஆய்வு என்று ஆரம்பித்து, ஒரு இதயத்தின் படம் போட்டு, நடுவில் அவரே எழுதிய வரிகள் எழுத்துப் பிழை உள்பட அப்படியே இருந்தன. கடைசியில் மட்டும் புதிதாக ஒரு வரி: 'பெண்களுக்கு இதன் பலன் இரு மடங்கு.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படித்தார் அந்த அம்மாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏங்க, பாதிப் பாத்திரத்தை எனக்கு வச்சிடுங்க" என்றார். "ஜப்பான்காரன் சும்மாவா சொல்லுவான்?"